வியாழக்கிழமைகளில் தண்ணீர் குடிக்காத ஊர்

முப்பத்தோரு வருஷம் அடுத்தவர்களின் மலமும் மூத்திரமும் துடைத்துச் சம்பாதித்தவள் நோலீன் பாஸ்கோ. அந்த வேலையில் ஒரு நாளும் அவளுக்கு அருவருப்பு வந்ததில்லை. கையுறையைப் போடு, துடை, பையில் கட்டு, கையைக் கழுவு, டீயைக் குடி. அவ்வளவுதான் விஷயம். அருவருப்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவந்தது அறுபத்தொன்பதாவது வயதில். அதுவும் ஏசி ஓடுகிற கவுன்சில் அறையில், சலவைச் சட்டை போட்டவர்கள் நடுவில்.

அதுவரை அரசியல் அவள் வீட்டுப் படியேறியதில்லை. பார்லோ வெல் ஒரு கோதுமை ஊர். ஒரே பெரிய தெரு, தானியக் கிடங்கு, பேக்கரி, பப், பள்ளிக்கூடம். தேர்தல் சனிக்கிழமைகளில், வாக்குச்சாவடி நடக்கிற பள்ளிக்கூட வாசலில், பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்க இறைச்சி சாசேஜ் சுட்டு விற்பார்கள். நோலீன் வெங்காயம் வதக்குவாள். கூட்டம் குறைந்ததும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, கேட்டில் நிற்கிற கட்சிக்காரர் நீட்டும் அட்டையை வாங்கி, அதில் அச்சடித்திருக்கிற வரிசைப்படியே வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் கட்டங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முன்னுரிமை எண் போட்டு, பெட்டியில் போட்டுவிட்டு மறுபடி வெங்காயத்துக்கு வந்துவிடுவாள். எந்தக் கட்சியின் அட்டை என்பதை அவள் புருஷன் கெவினின் அப்பா தீர்மானித்திருந்தார். அவர் செத்து நாற்பது வருஷம். கெவின் செத்து ஆறு. அட்டை மட்டும் மாறவில்லை.

போராட்டம் என்பது நகரத்துக்காரர்கள் மரத்தோடு தங்களைச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொள்வது. குளிக்காத கூட்டம் என்பது அவள் அபிப்பிராயம். ஊரில் மற்றவர்களின் அபிப்பிராயமும் அதுதான். "நமக்கெதுக்கு அரசியல்" என்று சொல்லிக்கொண்டே ஒரே கட்சிக்கு எழுபது வருஷம் ஓட்டுப் போட்ட ஊர் அது.

போன மார்ச்சில் யாரோ ஒருவன் பூங்காக் கழிப்பறையின் வாஷ்பேசினை உடைத்துவிட்டான். கவுன்சில் புது பேசின் வைக்கவில்லை, பூட்டு வைத்தது. "மறு அறிவிப்பு வரை மூடப்பட்டுள்ளது. நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கைப் பயன்படுத்தவும்" என்று ஒரு பலகை. பங்க் ஒன்றரை கிலோமீட்டர். பப்பின் கழிப்பறைக்குக் கொல்லைப்பக்கம் ஏழு படி இறங்க வேண்டும், பிடிக்கக் கம்பி கிடையாது. கிளினிக் செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்கும். பூங்காவை ஒட்டிய பொது ஹாலில் வியாழக்கிழமைதோறும் வயசானவர்களுக்குச் சாப்பாடும் சீட்டாட்டமும் நடக்கும். அந்த ஹாலுக்கென்று தனிக் கழிப்பறை கட்டவே இல்லை, பூங்காவினுடையதுதான்.

அதே மாதத்தில், பூட்டிய கழிப்பறைக்குப் பின்னாலேயே, வீட்டையே வண்டியாக இழுத்துக்கொண்டு ஊர் வழியாகப் போகிற கேரவன்காரர்கள் தங்கள் வண்டிக் கழிவைக் கொட்டுவதற்குக் கவுன்சில் ஒரு குழி கட்டியது. சிமென்ட் மேடை, தண்ணீர்க் குழாய், கை கழுவ சோப்பு எல்லாம் உண்டு. "கேரவன்களின் நண்பன் பார்லோ வெல்" என்று ஊர் எல்லையில் புதிதாக எழுதி வைத்தார்கள். இரவு தங்கிப் போகிறவனின் மூத்திரத்துக்கு இடம் இருந்தது. எண்பது வருஷமாக இங்கேயே இருக்கிறவனின் மூத்திரத்துக்கு இல்லை.

யாரும் புகார் சொல்லவில்லை. ஊர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டது.

நோலீன் இதைக் கண்டுபிடித்தது கணுக்கால்களைப் பார்த்து. ஓய்வு பெற்ற பிறகும் வாரம் மூன்று நாள் வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லா வீட்டிலும் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் மாவில் அழுத்திய மாதிரி பள்ளம். மிக மோசமான வீக்கம் எட்னா லிடிலுக்கு. எண்பத்தாறு வயது, சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், கவுன்சிலர் கிராண்ட் லிடிலின் தாயார்.

"மிசஸ் லிடில், நேத்து நீர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே."

"காலைப் பார்த்தா அப்படித் தெரியல."

"வியாழக்கிழமை எப்படிம்மா போடறது? அதைப் போட்டா அரைமணிக்கு ஒரு தடவை ஓடணும். ஹாலுக்குப் போற அன்னிக்குக் காலைல டீகூடக் கிடையாது எனக்கு. மூணு மணிக்கு வீட்டுக்கு வந்து ஒரு ஜக் குடிச்சுக்கறேன்."

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"பூட்டினதுலேருந்துதான். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, கேட்டுப் பாரு. என் பையன்கிட்ட போய்ச் சொல்லிடாத. அவனுக்கு ஆயிரம் வேலை."

கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் அப்படித்தான். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாரம் ஒரு நாள் மொத்தமாக விட்டுவிட்டு, வெறும் தொண்டையோடு உட்கார்ந்து சீட்டாடினார்கள். இதை ஒருவரிடம் ஒருவர் ஒரு சாமர்த்தியம் போலச் சொல்லிக்கொள்ளவும் செய்தார்கள்.

இதில் அடிபட்டவர் ஸ்னோ ஹானிகன். எழுபத்தொன்பது வயது, மனைவி போய் நாலு வருஷம், தனி ஆள். சின்ன வயதிலேயே முடி வெளுத்ததால் ஸ்னோ. வியாழக்கிழமை ஹால் சாப்பாடுதான் வாரத்தில் அவர் உட்கார்ந்து தின்கிற ஒரே சூடான சாப்பாடு. மற்ற நாளெல்லாம் பிஸ்கட்டும் டின் பீன்ஸும். ஏப்ரலில் ஒரு வியாழன், பங்குக்குப் போக ஹாலிலிருந்து வண்டியை எடுக்கப் புறப்பட்டு, பேக்கரி வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது. கால்சட்டை முன்புறம் கறுத்துப் போய், தொப்பியைக் கழற்றி அதை மறைத்துக்கொண்டு, நிமிர்ந்தபடி நடந்து வண்டிக்குப் போனார். அதன் பிறகு ஊருக்குள் வரவில்லை.

"டயப்பர் போட்டுட்டுப் போயேன்யா. பாதி ஊரு போடுது" என்றாள் நோலீன்.

"பாதி ஊரு நாசமாப் போகட்டும்."

மூன்றாவது வாரம் அவர் வீட்டுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போனபோது, அவரைக் கோழிக்கூண்டுக்குள் கண்டாள். பெட்டைக்கோழி ஒன்றைச் செத்துப்போன மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வண்டிச் சாவியை எங்கே வைத்தாய் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நாக்கு செருப்புத் தோல் மாதிரி இருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றி, மூத்திரத்தில் கிருமி சேர்ந்து, தலைக்கு ஏறியிருந்தது. வயசானவர்களுக்கு இது சகஜம். இரண்டு நாள் டிரிப் ஏற்றியதும் தெளிந்துவிட்டார்.

ஆனால் மதிப்பீடு செய்ய சுகாதாரத் துறையிலிருந்து ஃபியோனா என்று ஒரு பெண் வந்தாள். நல்லவிதமாகத்தான் பேசினாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தனியாக விட முடியாது; முன்னூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறது; மூன்று மாதத்தில் மறுபடி வந்து பார்ப்பேன் என்றாள். பெர்த்திலிருந்து மகள் போனிலேயே சரி சொல்லிவிட்டாள்.

இந்த இல்லங்களை நோலீன் உள்ளேயிருந்து பார்த்தவள். சுத்தமாக இருக்கும், சாப்பாடு நேரத்துக்கு வரும். ஸ்னோ மாதிரி ஆள் அங்கே ஒரு குளிர்காலம் தாங்குவார்.

"தண்ணி குடிய்யா. ஹாலுக்குப் போ, சாப்பிடு, நாலு பேரோட பேசு. அவ வந்து பாக்கறப்ப நல்லா இரு. வேற வழி இல்ல."

"கக்கூஸைத் திறக்கச் சொல்லு. குடிக்கறேன், போறேன், பேசறேன். இல்லன்னா இங்கயே உக்காந்து சாகறேன். அவ்ளோதான்."

கிறுக்குக் கிழவன் என்று திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தாள். பாதி வழியில், அவர் சொன்னதில் எது தப்பு என்று யோசித்தாள். ஒன்றும் தப்பில்லை.

கவுன்சிலுக்குப் போன் போட்டாள். பாட்டு போட்டார்கள். கேட்டாள். மறுபடி பாட்டு. கடைசியில் கிராண்ட் லிடிலையே போய்ப் பார்த்தாள். ஆடுமாடு ஏலத் தரகர். மூன்று தடவையாக ஊரின் கவுன்சிலர். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்கு ஸ்பட் என்று பெயர், முகம் உருளைக்கிழங்கு மாதிரி இருந்ததால்.

"எனக்கும் வருத்தம்தான் நோலீன். தனி ஆள் சொன்னா எடுபடாது. ஊர் கேக்குதுன்னு காட்டணும். ஒரு மனு போடுங்க, நான் பாத்துக்கறேன்."

மனு என்பது நகரத்துச் சமாசாரம் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, கோடு போட்டு, பேக்கரியிலும் பப்பிலும் தபால் நிலையத்திலும் ஒவ்வொன்று வைத்தாள். ஸ்னோ வீட்டுக்கு ஒரு தாளை எடுத்துப் போய் நீட்டினாள், போட்டார். ஒன்பது நாளில் இருநூற்றுப் பதினாலு கையெழுத்து. அன்று ராத்திரி தூங்கப் போகும்போது இந்த ஊரைப் பற்றி அவளுக்கு ஒரு நல்ல எண்ணம் இருந்தது. அது அவளுக்கு அபூர்வம்.

கவுன்சில் கூட்டம் எழுபது கிலோமீட்டர் தள்ளி நடந்தது. பேக்கரி நடத்துகிற டெப்பையும் ஊர்க்காரன் ஷார்ட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மனுவைப் புரட்டினார்.

"இது செல்லாதுங்க. வாக்காளர் பட்டியல்ல இருக்கிற முழுப்பெயர், விலாசம், கையெழுத்து, மூணும் வேணும். அப்படி நூறு பேர் இருந்தாத்தான் சபை எடுத்துக்கும்." பிறகு வாசித்தார். "'ப்ளூ.' 'ஷார்ட்டி.' 'கோழி கென்.' 'ஸ்னோ.' இதோ இன்னொரு 'ஸ்னோ.' நாற்பத்தொண்ணாவது, 'ஸ்பட்.'"

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். ஊரில் யாரும் யாரையும் நிஜப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிஜப்பெயர் கல்லறைக் கல்லுக்குத்தான். தோன்றிய மாதிரி எழுதிவிட்டார்கள். அது நோலீனின் தப்புதான், படித்துப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு அருவருப்பைத் தந்தது அது அல்ல. நாற்பத்தொன்றாவது ஸ்பட்டும் அந்த ஒன்பது பேரில் உட்கார்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் அவனைப் பிடித்தாள்.

"நாப்பத்தொண்ணு உன் கையெழுத்துதானே?"

"அட, அது பப்ல, பியர் கையில இருக்கறப்ப போட்டது. இது சபை. ரெண்டும் ஒண்ணா?"

"நீதானே மனு போடுன்னு சொன்ன?"

"சொன்னேன். ஒழுங்கா போடணும்ல நோலீன்." தோளில் தட்டினான். "தேர்தலுக்கு முன்னாடி கடைசிக் கூட்டம் அடுத்த மாசம். முந்தின வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள கொடுத்துடுங்க. அதை விட்டா புது சபை வந்து உக்கார நாலஞ்சு மாசம் ஆயிடும்."

நாலைந்து மாதத்தில் ஸ்னோ முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புதுத் தாள் அடித்து, இந்தத் தடவை வீடு வீடாகப் போனாள். முதல் வீடு ஷார்ட்டியுடையது. பட்டப்பெயருக்குக் குட்டையன் என்று அர்த்தம், ஆள் ஆறடி நாலங்குலம். அவன் அப்பாவை இரண்டு வருஷம் குளிப்பாட்டியவள் அவள்.

"முழுப்பேர் எழுது."

அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எழுதினான். வேலன்டைன் ஜோசப் க்ரிக்.

"வேலன்டைனா?"

"சிரிச்ச, தாளைக் கிழிச்சுடுவேன். எங்கம்மா வெச்சது."

நோலீன் சிரிக்கவில்லை. எதைக் கண்டாலும் முகம் மாறாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குப் பயிற்சி.

அந்தப் பயிற்சி அடுத்த பதினெட்டு நாளும் தேவைப்பட்டது. பட்டப்பெயரை எழுதக் கை நீட்டிய ஊர், நிஜப்பெயர் என்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"என் சமையலறையை கவுன்சில்தானே வந்து சோதிக்குது நோலீன்" என்றாள் டெப். கவுன்சிலர்கள் சிரித்த அன்று நோலீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். "மனசு உன் பக்கம்தான். பேரு மட்டும் வேணாம்."

பப்காரனுக்கு நடைபாதையில் மேஜை போட அனுமதி புதுப்பிக்க வேண்டியிருந்தது. ப்ளூவின் மகன் கவுன்சில் ரோடு வண்டி ஓட்டினான். கோழி கென் வாசலிலேயே நிறுத்தினான்.

"இது அரசியல் ஆயிடுச்சும்மா. நான் அரசியலுக்கு வரமாட்டேன்."

"கக்கூஸ் எப்படிய்யா அரசியல் ஆச்சு?"

"முழுப்பேர் கேட்டியே, அப்பவே ஆயிடுச்சு."

எட்னா லிடில் டீ கொடுத்தார், கேக் கொடுத்தார், கையெழுத்து கொடுக்கவில்லை. "பெத்த பையனுக்கு எதிரா எப்படிம்மா?" சொல்லும்போது அவருடைய கால் ஸ்டூலின் மேல் தலையணை மாதிரி கிடந்தது.

மறுக்கிற ஒவ்வொருவரும் அவளுக்கு ஏதாவது கொடுத்தனுப்பினார்கள். எலுமிச்சம்பழம், முட்டை, ஜாம். வண்டியின் பின்சீட் நிறைந்தது. யாருடைய பின்புறத்தை எப்போது துடைத்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. யாருடைய அம்மாவின் படுக்கைப்புண்ணுக்கு யார் வீட்டில் ஒரு வருஷம் மருந்து வைத்தாள் என்பதும். அந்த வீட்டு முட்டை இப்போது பின்சீட்டில் இருந்தது. அழுக்கில் அவள் இவ்வளவு காலம் கையை விட்டிருக்கிறாள், இப்படி ஒரு பிசுபிசுப்பைத் தொட்டதில்லை. தன்மேலும் அவளுக்கு அருவருப்பு வந்தது. ஸ்பட்டின் பெயருக்கு நேரே மூன்று தேர்தலிலும் ஒன்று என்று எழுதியது இவள் கைதானே. அட்டையைப் பார்த்து, வெங்காய வாசனையோடு.

கையெழுத்து எண்பத்து மூன்றில் நின்றுவிட்டது.

ஸ்னோவும் மறுத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உனக்காகத்தானேயா நாய் மாதிரி அலையறேன்?"

"'ஸ்னோ'ன்னா சரி. ஊர்ல ரெண்டு ஸ்னோ இருக்கோம். அலோசியஸ் பேட்ரிக் ஹானிகன்னு போட்டா, பேக்கரி வாசல்ல நனைச்சவன் நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"எல்லாருக்கும் அன்னிக்கே தெரியும்யா. உனக்கு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்னு தெரியாது."

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். மேஜை மேல் காலையில் அவள் ஊற்றி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

கெடுவுக்கு முந்திய புதன்கிழமை மத்தியானம், பூங்கா பக்கம் வண்டியை நிறுத்திச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பளபளவென்று ஒரு கேரவன் வந்து நின்றது. அரைக்கால்சட்டை போட்ட ஒரு பெரியவர் இறங்கி, கழிவுப் பெட்டியை உருவி, குழியில் கவிழ்த்து, அலசி, சோப்புப் போட்டுக் கை கழுவி, "அருமையான ஊரும்மா உங்களுது" என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே போனார்.

நோலீன் வீட்டுக்குப் போய் ஷெட்டைத் திறந்தாள். கெவின் கடைசி எட்டு மாதம் உட்கார்ந்த கமோடு நாற்காலி அங்கே இருந்தது. வேலை செய்கிற இடத்துச் சாமான் அறையிலிருந்து இன்னொன்றைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். தேர்தலுக்குச் சாசேஜ் சுடப் போடுகிற கூடாரமும் அதன் பக்கத் திரைகளும் பள்ளிக்கூட ஸ்டோரில் இருந்தன. சாவி எப்போதும் அவளிடம்தான்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, பூட்டிய கழிப்பறையின் வாசலிலேயே கூடாரம் எழுந்தது. உள்ளே நடுவில் திரை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கமோடு. வெளியே ஒரு சீட்டாட்ட மேஜை, அதன் மேல் கையுறைப் பெட்டி, கிருமிநாசினி, காகித உருளைகள், கை கழுவத் தண்ணீர், பேனா, மனு. ஒரு அட்டையில் பெரிதாக எழுதியிருந்தாள்: திறந்திருக்கிறது.

வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு வயசானவர்களை ஏற்றி வருகிற பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி ஹாலுக்குள் போனார்கள். டெப் பேக்கரிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. காற்று அடித்தது. நோலீன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள்.

பதினொன்றுக்கு ஹாலிலிருந்து எட்னா லிடில் வெளியே வந்தார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு, சர்ச்சுக்குப் போடுகிற தொப்பியோடு, கூடாரத்துக்கு வந்தார்.

"சுத்தமா இருக்கா?"

"நான் கழுவினது மிசஸ் லிடில்."

"அப்பச் சரி. மருத்துவமனைல ஆறு நர்ஸ் முன்னாடி பெட்பேன்ல உக்காந்தாச்சு. இங்க என்ன வந்தது?"

அவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது ஸ்பட்டின் பிக்கப் வண்டி வந்து கிறீச்சென்று நின்றது. யாரோ போன் போட்டிருந்தார்கள்.

"நோலீன், என்ன கண்றாவி இது? நடுத்தெருவுல! இதுக்கு அனுமதி வேணும்."

"எந்த விதிப்படி?"

"சுகாதார விதிப்படி!"

"பாத்துக்கோ. கையுறை இருக்கு, மூடி இருக்கு, மருந்து இருக்கு. வாளி எங்க போகுதுன்னு கேளு. நீங்க கேரவனுக்குக் கட்டின குழிக்குப் போகுது. சோப்பு நல்ல சோப்பு, நன்றி. அபராதம் போடறதுன்னா போடு. நோலீன் ஜாய் பாஸ்கோ. முழுப்பேர்தானே உங்களுக்கு வேணும்?"

"இது அசிங்கம்!"

"ஆமா. அசிங்கம்தான்."

அப்போது காற்று தூக்கியடித்து ஒரு பக்கத் திரை அவிழ்ந்து பறந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரது, கிராண்டா? பேசிட்டே நிக்காத. திரை பறக்குது. வந்து பிடி."

கவுன்சிலர் கிராண்ட் லிடில் வந்து திரையைப் பிடித்தான். ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் திரை, முகம் தெருவைப் பார்த்து. ஹால் வாசலில் முப்பது பேர் நின்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எட்னா அவசரப்படவில்லை. வெளியே வந்து, கையைக் கழுவி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எண்பத்து நாலாவதாக எட்னா வினிஃப்ரெட் லிடில் என்று எழுதினார், விலாசத்தோடு.

"உனக்கு எதிரா இல்லடா. எனக்காக" என்றார் மகனிடம். "இப்ப விடு திரையை. அடுத்தவங்க வரணும்."

அடுத்தவர்கள் வந்தார்கள். மத்தியானத்துக்குள் ஒரு வரிசையே உருவாகிவிட்டது. கமோடுக்கு ஒன்பது பேர், மனுவுக்கு மற்றவர்கள். கோழி கென் வந்து, "மிசஸ் லிடிலே போட்டாச்சுன்னா அப்புறம் அரசியல் இல்லல்ல?" என்று கேட்டுக்கொண்டு போட்டான். டெப் டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் கையெழுத்து மட்டும் கடைசிவரை போடவில்லை. மூன்று மணிக்கு நூற்று முப்பத்தொன்று. நோலீன் வாளிகளை மூடி போட்டுத் தூக்கிப் போய்க் கேரவன் குழியில் கொட்டி அலசினாள். மறுநாள் இரண்டு மணிக்கு மனுவைத் தன் கையால் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கினாள்.

அடுத்த கூட்டத்தில் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது: பூங்காக் கழிப்பறை வியாழக்கிழமைகளில் மட்டும், பத்திலிருந்து மூன்று வரை, ஆறு மாதப் பரிசோதனையாகத் திறந்திருக்கும்.

வியாழக்கிழமை மட்டும். ஊர் மற்ற நாள் மூத்திரம் போகாது என்று ஒன்பது பேர் கை தூக்கி முடிவு செய்திருந்தார்கள். வந்திருந்த ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். நோலீன் தட்டவில்லை. வார இதழில் ஸ்பட்டின் படம் வந்தது, கையில் சாவியோடு, பக்கத்தில் தாயார். "முதியோருக்காகக் குரல் கொடுத்த கவுன்சிலர்." டெப் அதை வெட்டி பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டினாள்.

முதல் வியாழக்கிழமை, ஸ்னோவை நோலீன் போய் அழைக்கவில்லை. கதவு சாத்தியதிலிருந்து வேலையைத் தவிர வேறு பேச்சு இருவருக்கும் கிடையாது. பத்தேகாலுக்கு அவருடைய பழைய வண்டி வந்து ஹால் வாசலில் நின்றது. இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே பூங்காவுக்குப் போனார். தேவையிருந்ததா, பூட்டு நிஜமாகவே திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போனாரா தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்து, ஆட்டிறைச்சி ரோஸ்ட் இரண்டு தடவை வாங்கித் தின்றார்.

ஃபியோனா சொன்ன கெடுவில் வந்தாள். அது ஒரு வியாழக்கிழமை; வீட்டில் ஆள் இல்லை. பதறிப்போய் நோலீனுக்குப் போன் செய்தாள். ஹாலில் பாருங்கள் என்றாள் நோலீன். சீட்டாட்டத்தை நிறுத்த முடியாது, வேண்டுமானால் காத்திரு என்று ஸ்னோ அவளிடம் சொன்னாராம். காத்திருந்தாள். நாக்கைப் பார்த்தாள், எடை பார்த்தாள், இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள். தாளில் எழுதினாள்: வீட்டிலேயே தொடரலாம்.

தேர்தல் சனிக்கிழமை நோலீன் வழக்கம்போல வெங்காயம் வதக்கினாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டும். கேட்டில் ஸ்பட்டே நின்று அட்டை நீட்டினான். அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே அவனைத் தாண்டிப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்குச்சீட்டில் இருந்த ஒவ்வொரு பெயரையும் படித்தாள். பாதிப் பேரைத் தெரியாது. தெரியாதவர்களுக்கெல்லாம் எண்களைப் போட்டு, கடைசி எண்ணை ஸ்பட்டுக்குப் போட்டாள். வெளியே வந்தபோது ஸ்னோ ரொட்டியில் மடித்த சாசேஜோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், உதட்டோரம் தக்காளி சாஸ்.

"போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு. ஸ்பட்டுக்கு ஒண்ணு."

"யாருக்கு?"

"ஸ்பட்டுக்கு. ஏன் முறைக்கற? அவன்தானே கக்கூஸைத் திறந்தான். பேப்பர்ல போட்டிருந்துச்சே."

நோலீன் திரும்பிப் பார்த்தாள். கேட்டில் ஸ்பட் யாரோ ஒருவரின் தோளைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் எண்ணும்போது அவன் முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயிக்கப் போகிறான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வெயில் ஏறிவிட்டிருந்தது. ஸ்னோவின் உதடு காய்ந்திருந்தது.

"காலைலேருந்து என்ன குடிச்ச?"

"ஒரு டீ."

"இன்னிக்கு சனிக்கிழமை. பூங்கா பூட்டியிருக்கு. பள்ளிக்கூடத்துல திறந்திருக்கு, இடது பக்கம் ரெண்டாவது கதவு. நீ ஓட்டுப் போட்ட லட்சணத்துக்கு அங்க போகத் தகுதி இல்ல, இருந்தாலும் போ." மேஜையடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து அவர் கையில் திணித்தாள். "மொதல்ல இதைக் குடி. பூரா குடி. நான் நின்னு பாக்கறேன்."

அவர் குடித்தார். அவள் நின்று பார்த்தாள். அடுப்பில் வெங்காயம் தீயத் தொடங்கியிருந்தது.